கையில் படாமல் கடித்த மூன்று பூ

என் தம்பி கயேட்டானுக்கு அடிபடாத வாரமே கிடையாது. மாடு உதைத்தது என்பான், விறகு சரிந்தது என்பான், ஒன்றும் கிடைக்காவிட்டால் கொட்டகைக் கதவு தானாக வந்து முழங்கையில் இடித்தது என்பான். எங்கள் மாடுகள் பரம சாது. கன்று போடும்போதுகூடக் காலைத் தூக்காதவை. அவற்றின்மேல் இப்படி அபாண்டமாகப் பழியைப் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவன் போய் நிற்கிற இடம் அஃப்ரா வீட்டு வாசல்.

அஃப்ரா, மர அறுவை ஆலை வைத்திருந்த பார்ட்டலின் விதவை. எங்கள் வீட்டுக்குக் கீழே, ஓடையைத் தாண்டினால் அவள் வீடு. அடிபட்டு நீலம் பாய்ந்த இடத்துக்கு டெய்சிப் பூக் களிம்பை விட்டால் வேறு மருந்து இல்லை என்பது இந்த டிரோல் மலைப் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பூவை வாடவிட்டு, உருக்கிய பன்றிக் கொழுப்பில் போட்டு, அடுப்பு ஓரத்தில் வைத்திருந்து துணியில் வடிகட்டினால் ஆயிற்று. பெரிய வித்தை ஒன்றுமில்லை. எங்கள் அலமாரியிலும் இரண்டு ஜாடி இருந்தது, நான் செய்தது. என் தம்பி அதைத் தொடமாட்டான்.

"நம்ம வீட்டுக் களிம்புக்கு என்னடா குறைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கொஞ்சம் கெட்டியா இருக்குக்கா."

"அஃப்ரா தடவிவிட்டா இளகிடுமோ?"

காது சிவந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது ஆள், பனிக்காலத்தில் ஊர்ச் சாலை முழுவதும் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி காது சிவந்து மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டான். எனக்குக் கேலி செய்வதில் அலுப்பே வராது. அவனும் அதற்குத் தோதாகவே நடந்துகொள்வான்.

அந்த வருஷம் பனி உருகத் தொடங்கியபோது அந்தச் சேதி வந்தது. கிராட்ஸ் நகரத்தில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அஃப்ரா அங்கேயே போய்த் தங்கிவிடப் போகிறாள். வீட்டை வியன்னாக்காரர்கள் யாரோ வாடகைக்கு எடுத்துவிட்டார்கள், ஈஸ்டர் அன்றே குடிவருகிறார்கள். ஆகவே ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் அவள் கிளம்புகிறாள். கேட்டதும் நான் கயேட்டானைப் பார்த்தேன். அவன் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டி முடித்த பிறகும் பலகையை வெட்டிக்கொண்டிருந்தான்.

"வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லுடா. அவ போயிட்டா உனக்கு யாருடா களிம்பு தடவுவா?"

"சொல்றேன்" என்றான்.

சொல்லவில்லை. பெரிய வியாழன் வந்துவிட்டது. அன்று எல்லா வீட்டிலும் பச்சை சூப். செந்தட்டிக் கொழுந்து, காட்டுப் பூண்டு இலை என்று பனிக்கடியிலிருந்து தலைநீட்டும் ஒன்பது பச்சையைப் பறித்துப் போட்டுக் கொதிக்கவைத்தால், அந்த வருஷம் உடம்பு சொன்னபடி கேட்கும். எங்கள் பக்கம் வெயில் தாமதம். எட்டுதான் கிடைத்தது, டெய்சி கிடைக்கவில்லை. அஃப்ராவின் வீட்டுத் தெற்குச் சுவர் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், அங்கே எப்போதும் முன்னாடியே பூக்கும். ஒரு கைப்பிடி இலையும் பூவும் கொண்டுவந்து தந்தாள். வந்தவளை மேஜையில் உட்காரவைத்தேன். நான் வேண்டுமென்றே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் கிண்டினேன்.

பின்னால் என்ன பேச்சு நடந்தது தெரியுமா?

"டெய்சி மொட்ட வினிகர்ல ஊறப்போடும்போது உப்பு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்கிறான் என் தம்பி.

"முன்னாடி. ஒரு ராத்திரி உப்புல கிடக்கணும். அப்பத்தான் மொறுமொறுன்னு இருக்கும்."

"வெண்ணெய் ரொட்டிமேல வச்சா நல்லா இருக்கும்."

"முட்டையும் வச்சா இன்னும் நல்லா இருக்கும்."

"இருமலுக்கு டீ போடறதுன்னா காஞ்ச பூவா, பச்சைப் பூவா?"

"ரெண்டும் ஆகும். தேன் விடணும்."

சூப் அடி பிடித்ததுதான் மிச்சம். டெய்சியின் தலை முதல் வேர் வரை பேசித் தீர்த்துவிட்டார்கள், தங்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவள் போனபின் கரண்டியை அவன் முன்னால் நீட்டி, "நீ என்ன மூலிகைக் கடை வைக்கப் போறியா?" என்று கேட்டேன். அவன் இரண்டாம் கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தான்.

மறுநாள் பெரிய வெள்ளி. இங்கேதான் என் தம்பி தன் வாழ்நாளிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். அந்த வருஷம் கண்ணில் படும் முதல் மூன்று டெய்சிப் பூவைக் கையால் தொடாமல் தின்ன வேண்டும். நாமே கண்டுபிடித்த பூவாக இருக்க வேண்டும், அடுத்தவர் கொடுத்தது கணக்கில்லை. குப்புறப் படுத்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயாலேயே கடித்து விழுங்க வேண்டும். விழுங்கியபின் அடுத்த கோயில் மணி அடிக்கும் வரை பேசக் கூடாது. அப்படிச் செய்தால் அந்த வருஷம் முழுக்கப் பல்வலியும் காய்ச்சலும் எட்டிப் பார்க்காது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் பங்குச் சாமியாரே கல்லறைத் தோட்டத்துப் புல்லில் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் கயேட்டான் பூவைத் தின்றுவிட்டு, மணி அடிப்பதற்குள் வேலி தாண்டிய மாட்டை "ஏய்!" என்று அதட்டிவிட்டான். இலையுதிர் காலத்தில் கன்னம் பூசணிக்காய் போல வீங்கியது. நகரத்துப் பல் டாக்டர் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். அன்றிலிருந்து, இந்த வருஷம் ஒரு பிசகும் வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, புதிதாக ஏதாவது பூத்திருக்கிறதா என்று பார்க்க வைக்கோல் களஞ்சியத்துக்குப் பின்னால் போனவன், மார்பெல்லாம் சேறும் மீசையில் ஒரு வெள்ளை இதழுமாக வந்தான். முகத்தில் ஒரு ராஜ களை. வாயைக் காட்டி, மூன்று விரல் காட்டி, தலையை நிமிர்த்திக்கொண்டான்.

"தின்னுட்டியா? மூணும்?"

தலையாட்டினான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும், அப்புறம் பேசுகிறேன் என்று அர்த்தம். எனக்கு உடனே உறைத்தது. ஆனாலும் சொல்லவில்லை. இப்படி ஒரு வேடிக்கை எனக்கு எப்போது கிடைக்கும்? உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பன்னிரண்டு ஆகும்வரை காத்திருந்தேன்.

பன்னிரண்டு அடித்தது. கடிகாரம்தான் அடித்தது. கோயில் மணி அடிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தெருவில் கரகரகரவென்று ஒரே சத்தம். பிள்ளைகள் மரக் கிலுக்கையைச் சுழற்றிக்கொண்டு, "மத்தியானம் ஆச்சு, செபம் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

கயேட்டானின் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே!

"மணியெல்லாம் ரோமுக்குப் போயிடுச்சுடா, மடையா!" என்றேன். "நேத்து சாயந்திரப் பூசையில போன மணி நாளைக்கு ராத்திரிப் பூசைக்குத்தான் திரும்பி வரும். பொறந்ததுலேருந்து பாக்கறியே, இது கூடவா மறந்துபோச்சு?" ஏசுவுக்குத் துக்கமாக அந்த இரண்டு நாளும் மணி அடிக்கமாட்டார்கள்; அது ரோமுக்குப் பறந்துவிட்டது என்பது எங்கள் பேச்சு, அதுவரை மரக் கிலுக்கைதான்.

கிலுக்கைச் சத்தம் போன திசையைக் கையால் காட்டி, அது போதாதா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"கட்டை மணி ஆகுமா? நீயே சொல்லு."

ஆகாது. அவனுக்கே தெரியும். நான் கொட்டகைக்குப் போய் மூத்த பசுவின் கழுத்து மணியை அவிழ்த்து வந்து அவன் காதருகே ஆட்டினேன். முறைத்தான். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. பிறகுதான் சிரிப்பு நின்றது. நாளை மத்தியானம் பஸ். நாளை ராத்திரி மணி. நடுவில் இவன் வாயில் பூட்டு.

உண்மையிலேயே மறந்தானா, மறந்ததுபோல் பாவனை செய்து புல்லில் போய்ப் படுத்தானா என்று அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. பேசப் பயப்படுகிறவனுக்குப் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் கிடைத்தால் அதைவிட வசதி என்ன இருக்கிறது? கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு உருளைக்கிழங்கைத் தின்றான்.

சாயந்திரம் அஃப்ராவே வந்தாள். கையில் ஒரு ஜாடி களிம்பு.

"கடைசி ஜாடி. காலி பண்றதுக்குள்ள கொடுத்துடலாம்னு வந்தேன். மாடு இன்னும் உதைக்குமில்ல?" என்று கயேட்டானைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் வாயைத் திறந்தான், மூடினான், மூன்று விரல் காட்டினான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டாள். ஆனால் துடைத்த பிறகும் நின்றபாடில்லை. அப்போதுதான் அது வேறு நீர் என்று எனக்குப் புரிந்தது.

"ஜீட்டாக்கா, நீங்களும் இருங்க, எங்கயும் போவேணாம்" என்றாள் என்னிடம். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "கயேட்டான், நான் வெக்கத்த விட்டுக் கேக்கறேன். நாளைக்கு நான் போகட்டுமா?"

என் தம்பி கழுத்து ஒடியும்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷத் தலை சொல்லிவிட முடியாது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜாடியை வாங்கி அலமாரியில் வைக்கக்கூடப் போனேன்.

"தலையாட்டாதீங்க" என்றாள் அவள்.

அவன் ஆட்டுவதை நிறுத்தினான்.

"என் வீட்டுக்காரர் தலையாட்டிதான் என்னைக் கட்டினாரு. சூப் நல்லாருக்கான்னா ஒரு ஆட்டு. பொண்ணு பொறந்திருக்குன்னா ஒரு ஆட்டு. சாகும்போது தண்ணி வேணுமான்னேன், அதுக்கும் ஒரு ஆட்டு. நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்லல. ஆனா ஒருநாள், ஒரே ஒருநாள், 'அஃப்ரா, நீ இரு'ன்னு அவரு வாயால கேட்டதில்ல. இன்னொரு தலைக்காக நான் இந்த ஊர்ல தங்கமாட்டேன்."

கயேட்டான் ஜன்னலோரம் கிடந்த பென்சிலை எடுத்தான்.

"எழுதியும் தர வேணாம்!" என்று அதட்டினாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "நாளைக்குப் பன்னெண்டே காலுக்குப் பஸ். வாயால சொன்னா நிக்கறேன். இல்லன்னா ஏறிடுவேன். கோபமெல்லாம் இல்ல. மருந்து இருக்கு, வச்சுக்குங்க."

போய்விட்டாள். என் தம்பி பென்சிலைப் பிடித்தபடியே நின்றான்.

அவள் கேட்டது கொஞ்சம்கூட அதிகமில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் சனிக்கிழமை காலை நான் விடவில்லை. பால் வாளியோடு உள்ளே வந்தவன் பின்னாலேயே சுற்றினேன். "பல்லு போனாப் போகட்டும்டா! கஞ்சி குடிச்சு வாழறவங்க இல்லையா? நானே அரைச்சுத் தரேன்." வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். "உனக்குப் பல்வலிகிட்ட பயம் இல்ல, அவகிட்டதான் பயம். பயந்தாங்கொள்ளி!" வாளியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். கோபமாக இருந்தால் எனக்குப் பழக்கம். அது கோபம் இல்லை. என்னவென்று பிடிபடாமல் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

பஸ் நிறுத்தம் தேவாலயத்துக்குக் கீழே, சாலை வளைவில். நான் அவளுக்கு வழிச் சாப்பாடாக ரொட்டியும் முட்டையும் கட்டி எடுத்துப் போனேன். அஃப்ரா நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய தோல் பெட்டியோடு நின்றிருந்தாள். கயேட்டானும் வந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. தலையைத் தண்ணீர் போட்டு வாரியிருந்தான். எனக்கு நம்பிக்கை வந்தது.

பஸ் வந்து நின்றது. என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? அவள் பெட்டியைத் தூக்கி, ஒரு பூனைக்குட்டியை வைப்பதுபோல் பத்திரமாக பஸ்ஸுக்குள் வைத்தான்! உதவி செய்கிறானாம்! கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தால் அவன் முதுகில் ஒன்று போட்டேன். முட்டை நசுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

அஃப்ரா அவனுக்குக் கை கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு படி ஏறினாள். கையை விடவில்லை. இரண்டாம் படி ஏறினாள். அப்போதும் விடவில்லை.

"ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" என்றார் டிரைவர்.

"எங்க அக்காவால தனியாத் தூங்க முடியாது" என்றான் கயேட்டான்.

ஒருநாள் முழுக்கப் பேசாத தொண்டை, தகரத்தைத் தேய்த்ததுபோல் வந்தது குரல். நான் திரும்பிப் பார்த்தேன், வேறு எந்த அக்காவைச் சொல்கிறான் என்று.

"வெளிய சொல்லமாட்டா. அப்பா செத்த வருஷத்துலேருந்து அப்படி. வீட்டுல இன்னொரு ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் அவளுக்குக் கண்ணு மூடும். ஒருதடவை நான் மாட்ட ஓட்டிக்கிட்டு மலைமேல மேய்ச்சலுக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். திரும்பி வந்தா அடுப்புப் பக்கத்துல நாற்காலில உக்காந்து இருக்கா, கண்ணெல்லாம் செவந்து. தூசி விழுந்துடுச்சுன்னா. அவள விட்டுட்டு ஓடை தாண்டி வந்துடுன்னு நீங்க சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? அதான் அஃப்ரா, அந்த வார்த்தையையே எடுக்கல. பல்லும் காரணமில்ல, பயமும் காரணமில்ல."

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. ஊர் நடுவில், டிரைவர் முன்னால், என் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறான்! எத்தனையோ வருஷமாக நான் அவனைச் சீண்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் ஒருநாளும் இதை எடுத்து என் வாயை அடைத்ததில்லை.

"என்னைச் சாக்கு சொல்லாத!" என்று கத்தினேன். "கேட்டது நான் இல்ல, அவ! அவளுக்குப் பதில் சொல்லு!"

"போகாதீங்க" என்றான் அவளிடம். "எங்களோட இருங்க. நீ இரு, அஃப்ரா."

அவள் இரண்டு படியும் இறங்கினாள். "என் வீட்டை வியன்னாக்காரனுக்குக் கொடுத்தாச்சு" என்றாள். "ஓடை தாண்ட வேண்டியது நான்தான். உங்க வீட்டுல எத்தனை ரூமு?"

"ஒண்ணு காலியாத்தான் கிடக்கு" என்றேன் நான், மூக்கைச் சிந்திக்கொண்டு. "கல்யாணம் ஆகறவரைக்கும் அது உனக்கு. உங்க ரெண்டு பேர் ரூமுக்கும் நடுவுல நான் படுப்பேன். சாமியார் கேட்டா சொல்லிக்கலாம்."

"நீங்க நடுவுல படுத்தா எல்லாரும் நல்லாத் தூங்கலாம், ஜீட்டாக்கா" என்றாள். என்னைக் கேலி செய்ய எங்கள் வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

டிரைவர் பெட்டியை எடுத்து ரோட்டில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கயேட்டானுக்கு வாய் திறந்தது திறந்ததுதான். கிராட்ஸுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்கிறான், குழந்தையைக் கோடைக்கு இங்கே கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்கிறான், காலி அறையின் ஜன்னல் மேற்குப் பக்கம், குளிரும், இன்றே பஞ்சு அடைத்துவிடலாம் என்கிறான். அஃப்ரா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். பேசிக்கொண்டே இரண்டு பேரும் மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். ஒருவர் கையை ஒருவர் விடவே இல்லை.

பெட்டி என் காலடியில் நின்றது. அவளுடைய மொத்த உடைமையும் அதில் இருந்ததோ என்னவோ, அப்படி ஒரு கனம். இரண்டு பேரில் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நசுங்கிய பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினேன். பத்தடிக்கு ஒருதரம் கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, வீடுவரை நானே கொண்டுவந்தேன். கூப்பிட்டிருந்தால் கயேட்டான் ஓடி வந்திருப்பான். நான் கூப்பிடவில்லை.